பழைய ஆற்றுவாயில் என் காணி

1

வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆனதற்கு அலுவலகத்தில் எனக்கு ஒரு கல் தந்தார்கள். நன்றாக மெருகேற்றிய மணற்கல். அடியில் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் என் பெயர். பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார்கள். அந்த எழுத்தைத் திருத்தித் திருத்திக் களைத்துப்போனவள் என்பதால் பல்லைக் காட்டியபடி வாங்கிக்கொண்டேன்.

நான் இருப்பது நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரத்தில். கடலுக்கடியில் நாலு கிலோமீற்றர் ஆழத்தில் கிடக்கும் இயற்கை வாயுவைத் தேடுகிற நிறுவனத்தில் வேலை. இலங்கையில் என் ஊரான பெரியகல்லாற்றில் யாராவது கேட்டால், "காஸ் கொம்பனியில இரிக்கா" என்று அக்கா சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் நான் சமையல் சிலிண்டர் விற்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். என் வேலை கல்லைப் பார்ப்பது. துளையிடும்போது தடி தடியாக வெட்டி மேலே எடுத்து வரும் கல்லை நீண்ட மேசையில் வரிசையாகக் கிடத்துவார்கள். அந்த மணல் எப்படி வந்து அங்கே படிந்தது, கொண்டுவந்தது காற்றா, ஆறா, அலையா என்று நான் சொல்ல வேண்டும். அதைப் பொறுத்துத்தான் அடுத்த துளையை எங்கே போடுவது என்று தீர்மானிப்பார்கள்.

கேக் வெட்டுமுன் எங்கள் பிரிவின் தலைவர் ஊலா வழக்கமான கதையை எடுத்துவிட்டார். நான் வேலைக்கு வந்த புதிதில் நடந்தது. மேசையில் கிடந்த கல்லில் மெல்லிய கடற்கரை மணல் ஒழுங்காகப் படிந்து வந்து, திடீரென்று ஓரிடத்தில் அறுபட்டிருந்தது. அறுபட்ட இடத்தில் பருமணலும் சிப்பி ஓடுகளும் சேற்றுக்கட்டிகளும் கலந்து நிரம்பிக் கிடந்தன. புயலில் கடல் கரையைத் தாண்டி அள்ளிப் போட்டது என்றார்கள் எல்லோரும். நான் என் அரைகுறை நோர்வேஜிய மொழியில், "இல்லை, இது மழைவெள்ளம். உள்ளே தண்ணீர் கட்டியதும் இந்த இடத்தில் வெட்டிவிட்டிருக்கிறார்கள்" என்றேன்.

"யார் வெட்டியது?" என்று கேட்டார் ஊலா. "பதினைந்து கோடி வருடத்துக்கு முன்னால் மண்வெட்டியோடு வந்து நின்றது யார்? டைனோசரா?"

அறையே சிரித்தது. எனக்கு முகம் கொதித்தது. ஆனால் எங்கள் பகுதியில் பிறந்த யாருக்கும் அந்தத் தவறு வரும். மட்டக்களப்பு வாவியை, அந்த நீண்ட கடலேரியை, நாங்கள் ஆறு என்போம். கோடையில் அந்த ஆற்றின் வாயைக் கடல் மணலால் மூடிவிடும். மாரியில் மழை கொட்ட, உள்ளே தண்ணீர் ஏறி, மேற்குக்கரையான படுவான்கரையின் வயல் வட்டைகளில் நெல் மூழ்கத் தொடங்கும். வெட்டுங்கள் என்று வயல்காரர் நிற்பார்கள். இறால் எல்லாம் கடலுக்கு ஓடிவிடும், பொறுங்கள் என்று மீன்காரர் நிற்பார்கள். அரசாங்கக் கச்சேரியில் அதிகாரிகளோடு கூட்டம் போட்டு, சண்டை பிடித்து, கடைசியில் ஆட்கள் மண்வெட்டியோடு வந்து மணல்மேட்டில் ஒரு கால்வாய் வெட்டுவார்கள். முதலில் ஒரு சிறுமி தாண்டக்கூடிய அகலம்தான் இருக்கும். பொழுது சாய்வதற்குள் இரண்டு கரையும் இடிந்து இடிந்து விழுந்து, ஆறு முழுவதும் இரைந்துகொண்டு கடலுக்குள் போகும். இதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மணலில் ஒரு வாய் திறந்தால் அதை யாரோ வெட்டினார்கள் என்றுதான் தோன்றும்.

சிரித்து முடித்த பிறகு ஊலா ஒரு கேள்வி கேட்டார். உள்ளிருந்து உடைத்தது என்றால் மணல் போன திசையும் வேறுதானே என்று. ஆம் என்றேன். சேற்றுக்கட்டிகள் வாவியின் அடியிலிருந்து பிய்ந்தவை. ஆகவே தண்ணீர் உள்ளிருந்து வெளியே போயிருக்கிறது, மணலும் கடற்பக்கம் போய் விசிறியாக விரிந்திருக்கும். அடுத்த துளையை அந்தப் பக்கமாகத் தள்ளிப் போட்டார்கள். மணல் இருந்தது. வாயு நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் இருந்தது.

2

வாயு அங்கே எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எழுதப்போகும் விசயத்துக்கு அது வேண்டும்.

இங்கே கார்த்திகை மாதத்தில் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். வேலை முடிந்து துறைமுகத்து ஓரமாக நடந்து வரும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரியகல்லாற்றை மனதுக்குள் மெதுவாகத் தாழ்த்திப் பார்ப்பேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவில் தெருவும் கோயிலும் தென்னையும் உள்ள அந்த மணல்கீற்று நகம் வளர்கிற வேகத்தைவிட மெதுவாக இறங்குகிறது. யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். கடல் ஏறி, மணலின் மேல் மெல்லிய சேறு விழுகிறது. சேற்றின் மேல் சேறு, அதன் மேல் இன்னும் சேறு. கோடி வருடம் போகிறது. எங்கள் மணல் நாலு கிலோமீற்றர் கீழே, கும்மிருட்டில், சூட்டில், படுத்துக் கிடக்கிறது.

அதற்கும் கீழே இன்னும் பழைய சதுப்பு, இலையும் வேருமாக அழுகிய கறுப்புச் சேறு. அந்தச் சூட்டில் அது வெந்து வாயுவை விடுகிறது. வாயு மெல்லியது, மேலே போகத்தான் பார்க்கும். மணலுக்குள் நுழைந்து துளை துளையாக ஏறும். மேலே சேறு இறுகி மூடியாகி நிற்பதால் அதைத் தாண்ட முடியாது. இதற்கிடையில் நிலம் ஓரிடத்தில் உடைந்து, ஒரு கால் ஒடிந்த மேசை சாய்வதுபோல ஒரு பக்கமாகச் சாய்கிறது. மணல்படுகையின் உயர்ந்த மூலை, உடைப்புக்கு அந்தப் பக்கம் உள்ள சேற்றோடு போய் முட்டி அடைபடுகிறது. வாயு அந்த மூலையில் கூடுகிறது. அதன் கீழே தண்ணீர் நிற்கிறது. எங்கள் கிணறுகளில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறதே, ஏறக்குறைய அந்த மாதிரித்தான்.

மணல் நல்லதாய்ப் படிந்திருந்தும் நிலம் சாய்ந்து மூடாவிட்டால் வாயு நழுவிப் போய்விடும். நிலம் அழகாக மூடியிருந்தும் மணல் இல்லாவிட்டால் கூடுவதற்கு இடமில்லை. இரண்டும் பொருந்திய இடம் அபூர்வம். அங்கேயும் ஆழத்தின் சூடு மணலை இறுக்கி, துளையெல்லாவற்றையும் அடைத்துவிடப் பார்க்கும். நாங்கள் பார்த்த மணல் தப்பியதற்குக் காரணம், ஆற்றுச் சேறு ஒவ்வொரு மணிமேலும் மெல்லிய தோலாக ஒட்டியிருந்ததுதான். அந்தத் தோலின் மேல் புதிய கல் வளரவில்லை. நுணுக்குக்காட்டியில் அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோசம் வரும்.

என் மகள் மீராவுக்கு இந்தக் கதை பிடிக்காது. அவளுக்குப் பதினேழு வயது. வாயுவைத் தோண்டாதே என்று பதாகை பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிற கூட்டத்தில் இருக்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். "கண்டுபிடித்தது போதும் அம்மா, இனி அப்படியே கிடக்கட்டும்" என்பாள். அவள் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடிவதில்லை. அவளுக்குச் சோறு போடுவேன்.

3

கேக் சாப்பிட்ட அந்தக் கிழமைதான் அக்கா அழைத்தாள்.

"தங்கச்சி, தர்ஷிகாவுக்குச் சம்மந்தம் சரிவந்திரிக்கு. மாப்பிள்ள களுவாஞ்சிகுடி. நல்ல புள்ள."

நான் சந்தோசத்தில் கத்தியே விட்டேன். தர்ஷிகா அக்காவின் ஒரே பிள்ளை. நான் ஊரைவிட்டு வரும்போது இடுப்பில் இருந்தவள்.

"மறுகா, வீட்டு விசயம்தான்" என்று அக்கா அடுத்த பேச்சுக்கு இழுத்தாள். "உன்ட வளவக் கேக்க எனக்கு வாய் வருகுதில்ல. எண்டாலும் கேக்கிறன்."

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். எங்கள் அம்மா தான் இருந்த வீட்டை மூத்தவளான அக்காவுக்குக் கொடுத்தா. பக்கத்து வளவை, வெறும் மனையாகக் கிடந்ததை, எனக்கென்று எழுதி வைத்தா. நான் வீடு கட்டவில்லை, இங்கே வந்துவிட்டேன். அந்த வளவில் நாலைந்து தென்னையும் அடம்பன் கொடியும்தான். தாய் வீட்டுக்குப் பக்கத்திலேயே மகள் வீடு. அக்கா கேட்டதில் எந்தப் பிழையும் இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

எந்த இடத்தில் வீட்டை வைக்கலாம் என்று பார்க்கும் ஆசையில் கணினியில் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்தேன். அக்காவின் வீடு மணல்மேட்டில் இருக்கிறது. என் வளவில் மேடு இல்லை. ஆற்றுப்பக்கமிருந்து கடற்பக்கம்வரை மங்கலாக ஒரு பட்டை, புல் கொஞ்சம் கறுத்து, என் தென்னைகளுக்கு நடுவால் போனது. அந்த வளைவை நான் முந்தின நாள்தான் அலுவலகத்தில் பார்த்திருந்தேன். பூமிக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் ஒலியால் வரைகிற படத்தில், நாலு கிலோமீற்றர் ஆழத்தில். பழைய ஆற்றுவாய். எப்போதோ திறந்து, மணல் நிரம்பி மூடி, எல்லோரும் மறந்துபோன வாய். பெருவெள்ளம் வந்தால் தண்ணீர் புதிய இடம் தேடாது, பதிந்த இடத்தைத்தான் முதலில் முட்டும்.

"அக்கா, அதில கல்வீடு கட்ட வேணாம். அது பழைய ஆத்துவாய்" என்றேன்.

அக்கா, "சரி தங்கச்சி. நீயே வச்சிக்க" என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அந்த 'நீயே வச்சிக்க' என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வெளிநாட்டில் இருந்தும் மண்ணாசை விடவில்லை என்று ஊரில் பேசுவார்கள். பேசினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். காணியை அக்கா பெயருக்கே எழுதிவிட்டு, வீடு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சலாம் என நினைத்து ஒஸ்லோவில் இலங்கைத் தூதரகத்துக்குப் போய், ஊரில் எனக்காக ஒருவர் கையெழுத்துப் போட அட்டோர்ணித் தத்துவம் எழுதக் கேட்டேன். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வித்தியாசம், இரண்டும் ஒருவர்தான் என்று ஊரில் அத்தாட்சி வாங்கி வரச் சொன்னார்கள். ஊரில் வாங்குவதற்கு அட்டோர்ணித் தத்துவம் வேண்டும். அந்த அதிகாரியைப் பார்த்துச் சிரித்தேன், அவரும் சிரித்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு நானே புறப்பட்டேன்.

4

கையால் திருகி மண்ணில் இறக்குகிற துளைத்தண்டு ஒன்றை அலுவலகத்தில் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். துண்டு துண்டாகப் பொருத்தி ஐந்து மீற்றர்வரை இறக்கலாம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உடைந்த தமிழில், "புதையலா?" என்று கேட்டார். மண் பார்க்க என்றேன். மண் பார்க்க நோர்வேயிலிருந்தா வருவது என்று அவர் சந்தேகம் தீராமலே விட்டார்.

அக்கா வாசலில் நின்று சிரித்தாள், ஆனால் கட்டிப்பிடிக்கவில்லை. நண்டுக்கறி வைத்திருந்தாள். சாப்பிடும்போது வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அத்தான் மட்டும் அந்தத் தண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறையக் கேள்வி வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிற மனிதர் அவர்.

அடுத்த நாள் காலை முதலில் அக்காவின் வீட்டு முற்றத்தில்தான் இறக்கினேன். தர்ஷிகா ஒரு பக்கம் பிடித்துத் திருகினாள். காற்று கொண்டுவந்த மெல்லிய மணல், அதன் கீழ் கடற்கரை மணல், அதன் கீழ் கெட்டியான கறுப்புச் சேறு. எல்லாவற்றையும் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தேன். பிறகு என் வளவுக்குப் போனோம். ஒரு முழம் மெல்லிய மணல். அதன் பிறகு பருமணல், உடைந்த மட்டிச் சிப்பி, உருண்டை உருண்டையாகச் சேற்றுக்கட்டிகள். தண்டு முழுவதும் இறங்கியும் அதுதான் வந்தது; இன்னொரு சாக்கின் மேல் வைத்தேன். அடியில் கெட்டி மண்ணே இல்லை. நோர்வேயில் என் மேசையில் கிடந்த அதே கல், இங்கே இன்னும் கல்லாகாமல், ஈரமாக, ஆற்று மணத்தோடு என் கையில் இருந்தது. எந்தக் காலத்தில் நிற்கிறேன் என்று ஒரு கணம் தெரியவில்லை.

வேலியில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "கல்லாத்தில காஸ் இரிக்காமோ?" என்று ஒருவர் கேட்டார்.

"இரிக்கு. ஆனா நீங்க கோடி வருசம் பொறுக்கணும்" என்றேன்.

"அதுக்குள்ள நாங்க அடுப்பு ஊதிச் செத்திருவம் புள்ள" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. இரண்டு சாக்குகளையும் மாறி மாறிப் பார்த்தாள். குனிந்து ஒரு சேற்றுக்கட்டியை எடுத்து விரலால் நசுக்கி மோந்தாள். "ஆத்துச் சேறு" என்றாள். வீட்டுக்குள் போய்விட்டாள்.

5

மறுநாள் காலை அக்கா தேத்தண்ணியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னது எனக்கு விளங்கிற்று. நான் ஒன்னப் பிழையா நினைச்சிற்றன். மனசில வைக்காத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தர்ஷிகா தப்பினாள், அக்காவும் கிடைத்தாள் என்று நினைத்தேன்.

"அப்ப தர்ஷிகாவுக்கு இந்த வீட்டக் குடுக்கிறன்" என்றாள் அக்கா. "நானும் அத்தானும் உன்ட வளவில ஒரு பலகை வீடு போட்டு இரிப்பம்."

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். "என்னக்கா சொல்றீங்க? அது ஆத்துவாய் எண்டுதானே நேத்து முழுக்கத் தோண்டிக் காட்டினன்?"

"கல்வீடு வேணாம் எண்டுதானே சொன்னாய்? பலகை வீடு போனா போகட்டும்."

"தர்ஷிகாவோட இஞ்சயே இருங்களன்."

"புள்ளைக்குக் குடுத்த வீட்டில தாய் குந்திக்கொண்டு இரிக்கிறதா? அம்மா அப்பிடியா இருந்தா?"

அம்மா அப்படி இருக்கவில்லை. அக்காவின் கலியாணம் முடிந்த மறுவாரமே அப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பின்வளவில் சமையலுக்கு இருந்த குசினிக் கொட்டிலுக்கு மாறிவிட்டா. எங்கள் பக்கத்து வழக்கம் அது. அந்தக் கொட்டில் இருந்த இடத்தில் இப்போது கிணற்றுக்கட்டும் கழிவறையும் இருக்கின்றன. மகளுக்கு வீடு என்பது எனக்கு நினைவிருந்தது. வீட்டைக் கொடுத்த தாய் எங்கே போவாள் என்பது இருபது வருடத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. படத்தைப் பார்த்தேன், மண்ணைத் தோண்டினேன், தண்ணீரின் வழியைச் சொன்னேன். அந்த வழியில் என் அக்காவை நானே கொண்டுபோய் இருத்தப்போகிறேன் என்று நினைக்கவேயில்லை.

களுவாஞ்சிகுடியில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கிறேன் என்றேன். கேட்கவில்லை. வேறு காணி வாங்கித் தருகிறேன் என்றேன். "எனக்கு மகள்ற வீட்டு முத்தம் கண்ணுக்குத் தெரியணும்" என்றாள். அத்தானைப் பார்த்தேன். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளம் ஏறும்போது எழும்பி மேட்டுக்கு வந்துவிடுவோம் என்று அக்கா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். காணியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

6

கலியாணம் ஆவணியில் நல்லபடி முடிந்தது. பலகை வீட்டின் படம் அனுப்பினார்கள். ஆற்றுப்பக்கம் ஒரு கதவு, கடற்பக்கம் ஒரு கதவு, நல்ல காற்று என்று அத்தான் சொன்னார். நான் வேலைக்குப் போய் வந்தேன். மீரா என்னிடம், "வெள்ளம் எப்போது வரும்?" என்று கேட்கத் தொடங்கினாள். அக்காவைப் பற்றி அவள் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாரி தொடங்கியதும் என் பிழைப்பு கெட்டது. மேசையில் கல், பக்கத்தில் மட்டக்களப்பு மழைப் படம். நாலு நாள் விடாத மழை என்று கண்ட அன்று காலை அழைத்தேன். அங்கே அப்போது மத்தியானம்.

"தண்ணி எங்க நிக்குது அக்கா?"

"வேலிக்கு வந்திரிக்கு. ஆத்துவாய் வெட்ட ஆக்கள் போயிரிக்காங்க."

"அது வெட்டி முடியுமட்டும் காத்திரிக்காதீங்க. எழும்பி தர்ஷிகாட்டப் போங்க."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "மருமகன்ட தாய் தகப்பன் வந்து நிக்காங்க. கூப்பிடாம சட்டி பானையோட போய் நிண்டா என்ன நினைப்பாங்க?"

என் தலையில் அடித்துச் செய்த சத்தியம் எங்கே என்று கத்தினேன். அக்கா சண்டைக்காரி அல்ல, மானக்காரி. உடனே தர்ஷிகாவை அழைத்தேன்.

"சின்னம்மா, ஒண்டுமில்ல எண்டுதானே அம்மா சொன்னா!" என்றவள், கதைத்துக்கொண்டே ஓடத் தொடங்கினாள். கைப்பேசியில் படமும் வந்தது. மழை, வேலி, அவள் மூச்சு, மறுபடியும் மழை. மீரா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

பலகை வீட்டைச் சுற்றித் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. அத்தான் அரிசிச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுப்பக்கம் நடந்துகொண்டிருந்தார். அக்கா வாசலில் நின்றாள், கையில் பூட்டு. ஆற்றுப்பக்கச் சுவரில் தண்ணீர் மோதி மோதிப் பலகை அதிர்வது இங்கிருந்தே தெரிந்தது.

"அம்மா, நாங்க ஒங்களக் கூப்பிட்டுத்தான் கொண்டு போகணுமா? அது நீங்க கட்டின வீடு!" தர்ஷிகா அழுதுகொண்டே கத்தினாள். "மாமிதான் சுறுக்காப் போய்க் கூட்டி வா எண்டு அனுப்பினவ. பூட்டிப்போட்டு வாங்க!"

அக்கா மகளைப் பார்த்தாள். கையில் இருந்த பூட்டைப் பார்த்தாள்.

"பூட்டினா தண்ணி சுவரத் தள்ளும்" என்றாள். "தொறந்து உட்டுட்டு வாறன்."

உள்ளே போனாள். ஆற்றுப்பக்கக் கதவைத் திறந்தாள். தண்ணீர் பாய்ந்து உள்ளே வந்தது. பாயும் பலகைக்கட்டிலும் மிதக்க, அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அறையின் நடுவால் நடந்துபோய்க் கடற்பக்கக் கதவையும் திறந்தாள். ஆறு அந்த வீட்டுக்குள்ளால் நுழைந்து அடுத்த பக்கம் வெளியேறியது. பலகை அதிர்வது நின்றது.

தர்ஷிகா போய் அவள் கையைப் பிடித்தாள். படம் ஆடியது. அக்காவின் நனைந்த முகம் திரை முழுவதும் தெரிந்தது. நான் அழுதுகொண்டிருந்தது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"அழாத புள்ள" என்றாள். "வழி உட்டுட்டன். அது தன்ட பாட்டில போகட்டும். நான் என்ட மகள்ற வீட்ட போறன்."